டிக்குக்கும் பப்புக்கும் நடுவே

டிக். டிக். டிக். டிக்.

காலையில் எங்கள் வீட்டு அடுப்பு இப்படித்தான் தொண்டையைக் கனைக்கும். மனைவி ஒரு கையால் குமிழை அமுக்கித் திருகிக்கொண்டே பால் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழிப்பாள். அப்புறம் ஒரு பப். நீலமாக ஒரு வட்டம். பாத்திரம் ஏறிவிடும், பேச்சு வேறு பக்கம் போய்விடும். எனக்கு மட்டும் அந்த டிக்குக்கும் பப்புக்கும் நடுவில் ஓர் இடம் உண்டு. ஒரு மூச்சு அகலம் இருக்கும். அதில்தான் பிழைப்பு நடத்துகிறேன். பேக்கரி அடுப்பு, தோல் ஷாப்பு பாய்லர், மில் பாய்லர், பீங்கான் சூளை என்று திண்டுக்கல்லைச் சுற்றி எங்கே பர்னர் பற்ற மாட்டேன் என்று அடம் பிடிக்கிறதோ, அங்கே ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிற ஆள் நான்.

இன்றைக்கு டிக் மட்டும் வந்தது. பப் வரவே இல்லை. நேற்று பால் பொங்கி வழிந்திருக்கிறது. பர்னரின் பக்கத்தில் சோளப்பல் மாதிரி நிற்கும் வெள்ளைப் பீங்கான் குச்சி நனைந்து, பொறி நுனிக்கு வராமல் ஈரத்தின் வழியே எங்கோ இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. "ஊரு அடுப்பையெல்லாம் எரிய வைக்கிறீங்க, நம்ம அடுப்புக்கு மட்டும் முகூர்த்தம் பாக்கணுமாக்கும்" என்றாள் அவள். நான் துணியை எடுத்து அந்தக் குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன ஐப்பசியில் அகரத்துப் பக்கம் ஒரு சூளையில் இதே ஈரம் என்னை வாரக்கணக்கில் அலைய வைத்தது. கை இங்கே துடைக்க, மனசு பைக்கை எடுத்துக்கொண்டு தாடிக்கொம்பு ரோட்டில் போய்விட்டது.

அகரம் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு இடையே ஒரு தகரக் கொட்டகை. ஊறுகாய் ஜாடி செய்கிற பட்டறை. பழுப்புத் தோளும் வெள்ளை வயிறுமாக ஜாடிகள் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். நடுவில் சூளை. ஓர் ஆள் நின்று குனிய வேண்டிய உயரம், இரும்புச் சட்டை போட்ட சின்ன அறை, உள்ளே வெள்ளைச் செங்கல். பக்கத்துக்கு இரண்டாக நான்கு பர்னர்கள், கேஸில் எரிகிறவை. சனிக்கிழமை காலையில் பற்ற வைத்தால் பொழுது சாய எரிந்து முடியும். ஞாயிறு முழுக்க ஆறும். திங்கட்கிழமை கதவைத் திறப்பார்கள்.

பற்ற வைப்பது என்றால் ஒரு பொத்தானை அமுக்குவதுதான். மிச்சத்தைச் சுவரில் இருக்கிற பெட்டி பார்த்துக்கொள்ளும். முதலில் விசிறி ஓடி, சூளைக்குள் தப்பித் தவறி கேஸ் தங்கியிருந்தால் வெளியே தள்ளும். அப்புறம் பொறி. பொறியோடு கேஸ் திறக்கும். சுடர் வந்ததா என்று ஒரு சென்சார் உற்றுப் பார்க்கும். சுடர் இல்லையென்றால் பெட்டி உடனே கேஸை மூடிவிட்டுச் சிவப்பு விளக்கை எரியவிடும். அதற்கு மேல் அது யார் பேச்சையும் கேட்காது.

அந்தச் சூளையைப் பார்த்துக்கொண்டது ஒரு பெண். அகரத்துக்காரி. முப்பதுகளின் கடைசியில் இருப்பாள். ஜாடிக்குச் சாயம் முக்க வந்தவள், சூளை பார்த்தவர் திருப்பூர்ப் பக்கம் போன பிறகு யாரும் கிட்டே போகப் பயந்த நேரத்தில், நான் பாக்குறேன் என்று முன்னால் வந்து நின்றவள். புருஷன் நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றுகிற வேன் ஓட்டுகிறவர்.

நான் முதல் தடவை போனபோது அவளுக்குப் புருவம் இல்லை. மையால் வரைந்திருந்தாள். அதில் ஒன்று கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. அதனால் நான் எதைச் சொன்னாலும் அவள் முகத்தின் ஒரு பக்கம் நம்பாத மாதிரியே இருந்தது.

நடந்ததை அவளே சொன்னாள். அந்தச் சனிக்கிழமை எத்தனை தடவை அமுக்கியும் சிவப்பு விளக்குதான். பழைய ஆள் விட்டுப்போன கம்பி ஒன்று மூலையில் கிடந்தது, நுனியில் துணி சுற்றியது. அதைப் பற்ற வைத்துப் பர்னரின் ஓட்டை வழியாக நீட்டினால் சுடர் பிடித்துக்கொள்ளும் என்று அவர் செய்வதைப் பார்த்திருக்கிறாள். நீட்டினாள். விசிறிக் காற்று தீயை அணைத்தது. மறுபடி பற்ற வைத்தாள், மறுபடி அணைந்தது. சரி, விசிறியை நிறுத்திவிடுவோம் என்று நிறுத்திவிட்டு மறுபடி பொத்தானை அமுக்கினாள். வெளியே தள்ள ஆளில்லாமல் உள்ளே நின்ற கேஸ், கம்பி நுழைந்ததும் குப்பென்று திரும்பி வந்தது. புருவமும் முன்மயிரும் போயின. கண் தப்பியது.

பூ வேன்காரர் அன்று சத்தம் போடவில்லையாம். சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு, இன்னொரு தடவை அந்தக் கம்பியை நீ கையில் எடுத்தால் அன்றோடு வேலைக்கு முழுக்கு என்று மட்டும் சொன்னாராம். அன்றிலிருந்து அவள் நெற்றியைப் பார்க்காமலே பேசுகிறாராம்.

"எனக்கு இந்த அடுப்பு வேணும்ணே" என்றாள். வேலை என்று சொல்லவில்லை. "வீட்டு அடுப்புல என்ன வேகணும்னு ஆளாளுக்குச் சொல்லுவாக. இங்க நான்தான் சொல்லுவேன்."

நான் பையைத் திறந்தேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. பொத்தானை அமுக்கினால் நான்கு பர்னரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாகப் பற்றின. அணைத்துவிட்டு மறுபடி. மறுபடியும் பற்றின. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டுமே என்று, பொறிக்கு மின்சாரம் கொண்டுபோகும் வயரை மாற்றினேன். பழைய வயர் வெயிலில் வெடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. சனிக்கிழமை போன் வந்தது. பற்றவில்லை. அவள் கம்பியைத் தொடவில்லை. பொத்தானை அமுக்குவதும், விசிறி ஓடி முடிக்கக் காத்திருப்பதும், மறுபடி அமுக்குவதுமாக நின்றிருக்கிறாள். தகரம் காய்ந்து கொட்டகைக்குள் நிற்க முடியாத உச்சிவேளையில், ஒன்றும் நடக்காத மாதிரி எல்லாம் பற்றிக்கொண்டன.

அடுத்த வாரம் நடுவில் போனேன். பொறி கிளப்புகிற டிரான்ஸ்பார்மரை மாற்றினேன். என் கண் முன்னால் எல்லாம் சொக்கத் தங்கம். சனிக்கிழமை மறுபடி சிவப்பு விளக்கு.

திங்கட்கிழமை போய் நின்றேன். பட்டறை முதலாளி ஒட்டன்சத்திரத்துக்காரர். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும் மனுஷன். "ஏனுங்க, நீங்க வந்தா மட்டும் எரியுதுங்க. பேசாம ஒரு ஸ்டூலு போட்டு உங்களையே இங்க உக்கார வச்சுரலாமுங்களா?" என்றார். ஜாடி ஏற்ற வந்த லாரிக்காரர் இன்னொன்று சொன்னார். சனிக்கிழமை அடுப்புப் பற்ற வைத்தால் சனியன்தான் பற்றும், கிழமையை மாற்றிப் பாருங்கள் என்று. எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. முதலாளி, வேலூர்ப் பக்கம் ஓர் ஆள் இருப்பதாகவும், கம்பி வைத்தே கொளுத்திவிடுவார், பெட்டியெல்லாம் அவருக்கு வேண்டாம் என்றும், வருகிற சனிக்கிழமையும் இப்படியென்றால் அவரை வரச் சொல்வதாகவும் என்னிடம் சொன்னார். என்னிடம் சொன்னார் என்றாலும் பேச்சு அவளைப் பார்த்துத்தான் போனது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசனை. பேகம்பூர் முக்கில் டீ குடித்துக்கொண்டே யோசனை. சிறுமலை மேலே மேகம் குந்தியிருந்தது. பனியாக இருக்குமா? பனி என்றால் வெள்ளிக்கும் உண்டு, ஞாயிறுக்கும் உண்டு. கரண்டு குறைச்சலா? அளந்து பார்த்தாகிவிட்டது. நானும் அந்த லாரிக்காரரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. கிழமைதான் கணக்கு. அப்படியென்றால் சனிக்கிழமையில் என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூடாது, வெள்ளிக்கிழமையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். டீயைப் பாதியில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயப் போனேன். சொல்லாமல் போனேன்.

சூளைக்கு ஜாடி அடுக்கி முடித்திருந்தார்கள். கொட்டகை பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. அவள் முகம் கழுவி, தலையில் வேன்காரர் கொண்டுவந்த மல்லிகையோடு, ஒரு பிளாஸ்டிக் வாளியில் துணியை நனைத்துப் பிழிந்து பர்னர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரி, இண்டு இடுக்கெல்லாம். முதலாளி சூடத்தட்டோடு நின்றார். துடைத்து முடித்ததும் அவள் கிண்ணத்தில் குழைத்து வைத்திருந்த சந்தனத்தை விரலால் வழித்து, ஒவ்வொரு பர்னரின் பின்புறமும் நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பீங்கான் கழுத்தில் வைத்தாள். சந்தனத்தின் மேல் குங்குமம். கறுத்த இரும்புக்கு நடுவே அந்த ஒரு இடம்தான் வெள்ளை. அங்கே வைத்தால்தான் பொட்டு எடுப்பாகத் தெரியும். யாராக இருந்தாலும் அங்கேதான் வைப்பார்கள்.

நாலாவது பர்னருக்கு வந்ததும் கொஞ்சம் நின்றாள். சனிக்கிழமைகளில் அதிகம் படுத்துவது அதுதான். அதற்கு மட்டும் சந்தனத்தை மோதிரம் மாதிரி கழுத்தைச் சுற்றிப் பூசி, இரண்டு பொட்டு வைத்தாள். உதடு ஏதோ முணுமுணுத்தது.

எனக்குள் ஏதோ டிக்கென்றது.

பொட்டில்லாத இயந்திரத்தை நான் பார்த்ததே இல்லை. என் மீட்டருக்கே ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு இருக்கிறது. அதனால்தான் அந்தக் கழுத்துகளில் காய்ந்து கிடந்த கறையை வாரா வாரம் பார்த்தும் பார்க்காமல் விட்டிருக்கிறேன். நம் கண்ணுக்குப் பொட்டு அழுக்குக் கணக்கில் வராது.

சூடம் காட்டி முடிக்கும்வரை கைகட்டி நின்றேன். திருநீறு பூசிக்கொண்டேன். அப்புறம், கேஸ் வால்வை மூடிவிட்டு, கொட்டகை லைட்டை அணைத்துவிட்டு, பொறியை மட்டும் செத்த நேரம் ஓடவிடச் சொன்னேன். முதலாளிக்கு ஏன் என்று புரியவில்லை. அவள் கேட்கவில்லை, பொத்தானிடம் போய்விட்டாள். வெளியே தோப்புக்குள் வெளிச்சம் பாதி போயிருந்தது. கொட்டகைக்குள் முகம் தெரியும், மை தெரியாது.

டிக். டிக். டிக்.

பர்னர் வாய்க்குள், நுனியில் வர வேண்டிய பொறி அங்கே இல்லை. பின்னால், கழுத்தில் இருந்தது. ஈரச் சந்தனத்தின் மேல் மெல்லிசாக ஒரு நீலப் பூரான் ஓடியது. வயர் மாட்டியிருக்கிற முனையிலிருந்து புறப்பட்டு, சந்தனத்தில் நெளிந்து, குங்குமத்தைச் சுற்றி, இரும்பில் இறங்கி மறைந்தது. மறுபடி புறப்பட்டது. மறைந்தது. நாலாவது பர்னரில் கழுத்தைச் சுற்றி நீலமாக ஒரு பாசிமணி மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் நான் பார்த்த கோளாறுகளில் இவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்ததில்லை. லேசாகச் சந்தனம் கருகுகிற வாசனை வேறு.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பீங்கான் இருப்பதே கரண்டை வழியில் இறங்கவிடாமல் நுனிவரை கொண்டுபோய்ச் சேர்க்கத்தான். ஈரமான சந்தனம் அதற்குக் குறுக்கே ஒரு பாலம் போட்டுவிடுகிறது. குறுக்கு வழி கிடைத்தால் யார்தான் சுற்றிப் போவார்கள். மத்தியானம் தகரம் காய்ந்து சந்தனம் உலர்ந்தால் பாலம் அறுந்துவிடும், பொறி நுனிக்குப் போய்விடும். சூளை ஒரு தடவை எரிந்துவிட்டால் அந்த வாரம் முழுக்கக் கோளாறே இருக்காது. நான் வந்து பார்த்ததெல்லாம் அப்படி உலர்ந்த கிழமைகளில்.

அவள் நாலாவது பர்னர் பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எரியல எரியலன்னுதான் கூடக் கூட வச்சேன்" என்றாள்.

முதலாளிக்கு முகம் மாறிவிட்டது. சந்தனம் அவர் பழனியிலிருந்து வாங்கி வந்தது. சாமிக்குச் செய்கிறதை நிறுத்தச் சொல்கிறீர்களா என்று கேட்டார், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டு. நிறுத்த வேண்டாம் என்று நான் ஆரம்பித்தேன். எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று தெரியாமல்தான் ஆரம்பித்தேன். அதற்குள் அவள் நிமிர்ந்தாள். வாளித் துணியால் விரலைத் துடைத்துக்கொண்டே, "பொட்ட நெத்தியிலதான வைக்கணும். நான் கழுத்துல வச்சுருக்கேன். சாமி என்ன செய்யும்?" என்றாள்.

பர்னரின் முன்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இரும்புத் தகடு ஒன்று உண்டு. அதைக் காட்டினாள். முதலாளி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் சிரித்துவிட்டார். "அதுதானுங்க நெத்தி" என்றார்.

அதற்குப் பிறகு வேலை. லைட்டைப் போட்டோம். நான்கு கழுத்திலும் சந்தனத்தை வழித்து, கும்பிட்டுவிட்டுத் தென்னை மூட்டில் போட்டாள். நான் பழைய பீங்கான்களைக் கழற்றினேன். கண்ணுக்குத் தெரியாத விரிசல்களில் கறை இறங்கியிருக்கும் என்று புதிது மாட்டினேன். பொறி தாண்டுகிற இடைவெளியைச் சரி பண்ணினேன். எர்த் வயர் பெயின்ட் மேல் பிடித்து வைத்திருந்தது, சுரண்டிப் பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு முறுக்கினேன். இனிமேல் ஈரத்துணி கழுத்துப் பக்கம் போகக்கூடாது, காய்ந்த துணி மட்டும் என்றேன். தலையாட்டினாள். கடைசியாக விசிறி சுவிட்சைப் பெட்டியோடு கோத்துவிட்டேன். இனி விசிறி ஓடாமல் கேஸ் திறக்காது, யார் நிறுத்தினாலும் கேஸ் மூடிக்கொள்ளும்.

"நான் நிறுத்துனாலுமா?" என்று கேட்டாள்.

"நீ நிறுத்துனாலும்தான்."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப சரி" என்றாள். அதை அவள் அன்று வேன்காரரிடம் போய் எப்படிச் சொன்னாளோ தெரியாது.

கேஸ் குழாயையும் ஓர் இடத்தில் கழற்றி மாட்டியிருந்தேன். அதனால் கடைசிப் பர்னருக்கு முதலில் வெறும் காற்றுதான் வரும், ஒரு தடவை பற்றாமல் போகலாம், பயப்படாதே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை நான் போகும்போது பூ வேன் கொட்டகை வாசலில் நின்றிருந்தது. சந்தைக்கும் பஸ்ஸுக்கும் பூவை இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே வந்திருக்கிறார். ஆள் நெடுநெடுவென்று, கண் சிவந்து, காலி வேனைச் சுற்றி மல்லிகை வாசனையோடு நின்றார். என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு. உள்ளே வந்து சுவரோரம் சாய்ந்தார். அந்தக் கம்பியும் அதே சுவரில்தான் சாய்ந்திருந்தது.

நான்கு நெற்றியிலும் பொட்டு இருந்தது. கழுத்துகள் வெள்ளை வெளேரென்று.

அவள் பொத்தானை அமுக்கினாள். விசிறி கிளம்பி உறுமி, வேகம் தணிந்து ஓடியது. டிக் டிக், பப். முதல் பர்னர். டிக் டிக், பப். இரண்டாவது. மூன்றாவதும் பற்றிவிட்டது. முதலாளி சூடத்தட்டைக் கீழே வைக்கவில்லை இன்னும்.

நாலாவது. டிக் டிக் டிக் டிக்.

சிவப்பு விளக்கு.

வேன்காரர் சுவரை விட்டு நிமிர்ந்ததைப் பார்த்தேன். கம்பியை எடுக்கக் கை நீட்டிவிட்டார். அவளைத் தடுக்க எடுத்தாரா, அவளுக்குப் பதில் தானே கொளுத்த எடுத்தாரா, அவருக்கே தெரிந்திருக்காது. நானும் வாயைத் திறந்தேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"தொடாதீங்க" என்றாள். "குழாயில காத்து. விசிறி ஓடி முடியட்டும்."

விசிறி ஓடியது. அந்தச் சத்தத்துக்குள் நாங்கள் எல்லோரும் நின்றோம். வேன்காரர் கை கம்பிமேல் இருந்தது. அவள் கை பொத்தானுக்கு அருகில், அமுக்காமல், அமுக்க அவசரப்படாமல் இருந்தது. வெளியே யாரோ தேங்காய் உரிக்கிற சத்தம். விசிறி தணிந்தது. அவள் அமுக்கினாள்.

டிக். டிக்.

பப்.

நாலாவது பர்னர் வாயில் நீலம் வந்து, ஆடி, நிமிர்ந்து நின்றது. பெட்டியில் பச்சை விளக்கு. நான் தேடித் திரிகிற அந்த ஒரு மூச்சு அகல இடம் மூடிக்கொண்டது. முதலாளி இப்போதுதான் தட்டைக் கீழே வைத்தார். வேலூர்க்காரருக்குப் போன் போட வேண்டியதில்லை என்று யாரிடமோ சொல்வது மாதிரி ஜாடிகளைப் பார்த்துச் சொன்னார்.

அப்போதுதான் கவனித்தேன். அவளுக்குப் புருவம் முளைக்க ஆரம்பித்திருந்தது. மைக்கோட்டுக்குக் கீழே, பனி படிந்த புல் மாதிரி, மெல்லிசாக. வேன்காரரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் போல. ரொம்ப நாள் கழித்து நெற்றியைப் பார்க்கிற ஆளின் பார்வை அது.

அப்புறம் டீ வந்தது. முதலாளி ஸ்டூல் பேச்சை மறுபடி எடுத்தார், இந்தத் தடவை நிஜமாகவே ஒரு ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்தார். கண்ணாடி ஓட்டை வழியாகச் சூளைக்குள் பார்த்தேன். ஜாடிகள் இன்னும் மண் நிறத்தில், சுடரின் நடுவே ஒன்றும் அறியாமல் நின்றிருந்தன. இன்னும் சில மணி நேரத்தில் சிவக்கும், அப்புறம் மஞ்சளாகும், சாயம் கண்ணாடியாக உருகும்.

வேன்காரர் கிளம்பினார். கிளம்பும்போது அந்தக் கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார். வேனில் படுதா இழுக்க ஆகும் என்று பொதுவாகச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. கம்பியைப் பின்னால் போட்டுவிட்டு, கதவைத் திறந்து ஏறி, ஏறியவர் இறங்காமலே தலையை மட்டும் வெளியே நீட்டினார். அவள் கைத்துணியோடு வாசலுக்கு வந்திருந்தாள்.

"திங்கக்கிழமை சூளை திறக்க எப்ப கொண்டாந்து விடணும்?"

"எட்டுக்கு. தாமசம் பண்ணுனீங்கன்னா நான் பஸ்ஸு ஏறிருவேன்."

"தாமசமெல்லாம் ஆகாது. வாரேன்."